ஹோம்வுட்: காகித முதலாளியின் கல் வீடு

வியாழன், கிளாஸ்கோ

சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து யூனியன் தெருப் பக்கமாக வெளியே வந்தால், நான் பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்த முதல் கட்டடம் சாரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பெயர் எகிப்தியன் ஹால்ஸ். 1870-72ல் அலெக்சாண்டர் தாம்சன் வடிவமைத்த வணிகக் கட்டடம். கீழே கடைகள், மேலே ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு மாதிரித் தூண். உச்சித் தளத்தில் குட்டையான தூண்கள் வரிசையாக நிற்கும். கண்ணாடியோ அந்தத் தூண்களைத் தொடாமல் பின்னால் தனியாக ஓடும். இதெல்லாம் புத்தகத்தில் பார்த்தது. நேரில் பார்த்தது இரும்புக் குழாயும் வலையும்தான். பல வருஷமாக இப்படித்தான் நிற்கிறதாம்.

அக்கா மகன் இங்கே முதுநிலை படிக்கிறான். சாரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "மாமா, இதுக்கா மதுரையில இருந்து வந்தீங்க?" என்றான். இதற்கு இல்லை, இதே ஆள் கட்டிய ஒரு வீட்டுக்காக வந்திருக்கிறேன் என்றேன். அது அவனுக்கு இன்னும் மோசமாகப் பட்டிருக்க வேண்டும். அவன் ஏரிகளும் கோட்டைகளுமாக ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தான்.

வீட்டின் பெயர் ஹோம்வுட். நகரின் தெற்கே கேத்கார்ட்டில் இருக்கிறது. 1857-58ல் ஜேம்ஸ் கூப்பர் என்ற காகித ஆலை முதலாளிக்காகக் கட்டப்பட்டது. ஸ்காட்லாந்தில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஹோம்வுட் ஏ வகை. எகிப்தியன் ஹால்ஸும் ஏ வகைதான் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

தாம்சனைப் பற்றிக் கொஞ்சம். 1817ல் பால்ஃப்ரன் கிராமத்தில் பிறந்தவர். ஊரில் அவரை 'கிரீக்' தாம்சன் என்றால்தான் தெரியும். ஆனால் மனிதர் கிரேக்கத்துக்குப் போனதே இல்லை. எகிப்துக்கும் இல்லை. பிரிட்டனைத் தாண்டியதில்லை. அச்சில் வந்த படங்களைப் பார்த்தே இரண்டையும் உள்வாங்கி, கிளாஸ்கோ மழைக்கும் கிளாஸ்கோ கல்லுக்கும் ஏற்ற மாதிரி தன் பாணியாக மாற்றிக்கொண்டார்.

சாயங்காலம் செயின்ட் வின்சென்ட் தெருவுக்கு நடந்தோம். அங்கே சரிவில் அவர் 1859ல் முடித்த தேவாலயம். சரிவைச் சமன்செய்ய ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு உயரத்தில் ஒரு கல் பீடம், அதன் மேல் கிரேக்கக் கோயில், பக்கத்தில் எந்த நாட்டிலும் சேராத ஒரு கோபுரம். அதன் உச்சியில் முட்டை வடிவக் குவிமாடம். தேவாலயம் என்று பலகை சொன்னால்தான் உண்டு.

பையன் படிக்கும் பல்கலைக்கழகம் கில்மோர்ஹில் குன்றின் மேல் கூர்கூரான கோதிக் கோபுரத்தோடு நிற்கிறது. கோதிக் என்றால் கூர் வளைவுகளை வைத்துக் கட்டும் இடைக்கால ஐரோப்பியத் தேவாலயப் பாணி. ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் லண்டனிலிருந்து வந்து வடிவமைத்தது. அவனுக்கு அதில் பெருமை. தாம்சன் 1866லேயே அந்தக் கோதிக் வடிவத்தைக் கிழிகிழி என்று கிழித்துப் பேசினார் என்று சொன்னேன். தாம்சனுக்கு வளைவே ஆகாது. வளைவு எப்போதும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்த முட்டுச்சுவர் வேண்டும். தூணும் உத்தரமும் அப்படி இல்லை. எடை நேராகக் கீழே இறங்கிவிடும். யார்க் மின்ஸ்டர் என்ற கோதிக் பேராலயத்தை விட, கல்லை நிறுத்தி மேலே கல்லைக் கிடத்திய ஆதிகால ஸ்டோன்ஹெஞ்ச் அறிவியல்பூர்வமாகக் கட்டப்பட்டது என்று சொன்ன ஆள் அவர். நம் ஊர் ஆயிரங்கால் மண்டபங்களைக் காட்டியிருந்தால் அங்கேயே துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வெள்ளி, தென்பகுதி

இன்று முழுக்க நடை. மழை வந்து வந்து போனது. குடை விரித்தால் நிற்கும், மடக்கினால் பெய்யும்.

முதலில் கார்பல்ஸ் பகுதியில் கேலடோனியா ரோடு தேவாலயம். 1856-57, தாம்சனின் முதல் பெரிய தேவாலயம். இன்று கோபுரமும் முகப்புத் தூண்களும் மட்டும் நிற்கின்றன, சாலைகள் சுற்றிப்போகும் ஒரு திட்டில். சுற்றியிருந்த பழைய குடியிருப்புகளை மாநகராட்சியே இடித்துத் தள்ளிய காலத்தில் சபையும் கலைந்தது; 1965ல் தீ வைக்கப்பட்டு உள்ளே எல்லாம் போனது. கூரை இல்லாத கல்லின் தலையில் புல் முளைத்திருக்கிறது. இதுவும் ஏ வகை.

அவர் கட்டிய இன்னொரு தேவாலயம், குயின்ஸ் பார்க்கில் இருந்தது, 1943ல் ஜெர்மன் குண்டில் எரிந்து போனது. ஆக, அவருடைய மூன்று பெரிய தேவாலயங்களில் உருப்படியாக மிச்சம் இருப்பது நேற்றுப் பார்த்தது ஒன்றுதான்.

அப்புறம் ஸ்ட்ராத்பங்கோவில் மொரே பிளேஸ். இரண்டு தள வரிசை வீடுகள், பத்து வீடு. 1859-61. இரண்டு முனையிலும் ஒரு வீடு முக்கோண முகப்போடு முன்னால் வந்து நிற்கிறது. நடுவில் இருக்கும் எட்டும் மேல்தளத்தில் ஒரே தூண் வரிசையாக ஓடுகின்றன. ஒரு வீடு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று மேல்தளத்தை வைத்துச் சொல்ல முடியாது. எதிரே ரயில் பாதை. முதல் எண் வீட்டில் தாம்சனே குடியிருந்தார், 1875 மார்ச்சில் அங்கேயே இறந்தார். நகர நடுவில் நோய் பரவிய 1850களில் பிள்ளைகளில் சிலரை அடுத்தடுத்துப் பறிகொடுத்த மனிதர். காற்றோட்டமான தெற்குப் பக்கம் குடிவந்ததில் வியப்பில்லை. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து அதே வீட்டில் கட்டடக்கலை வரலாற்றாளர் கேவின் ஸ்டாம்ப் குடியிருந்தார். தாம்சன் பெயரில் 1991ல் ஒரு சங்கம் தொடங்கி, மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்று ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தவர் அவர்.

பையனுக்கு இன்று பிடித்தது லாங்சைடில் இருக்கும் இரட்டை வீடு. எனக்கும்தான். பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிய இரண்டு வீடு என்றால் என்ன செய்வோம்? நடுவில் ஒரு சுவர், அதன் இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று எதிரொலி. தாம்சன் ஒரே வரைபடத்தை எடுத்து, இரண்டாவது வீட்டை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டார். ஒரு வீட்டின் முகப்பும் இன்னொன்றின் பின்பக்கமும் சேர்ந்து எந்தப் பக்கம் நின்றாலும் ஒரே பெரிய வீடாகத் தெரிகிறது. இரு பாதியும் ஒத்திராத ஒற்றை வில்லா மாதிரி. வாங்கியவர் இருவருக்கும் தன் வீடுதான் பெரிது என்ற நினைப்பு. "செம மூளை மாமா" என்றான். ஏரிகளை அவன் மறக்கத் தொடங்கிய நேரம் அதுதான்.

சனி, ஹோம்வுட்

சென்ட்ரலில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கேத்கார்ட். அங்கிருந்து நெதர்லீ சாலையில் நடந்தால் வாசல் வந்துவிடுகிறது. வாசல் தூண்களும் காவலர் வீடும்கூடத் தாம்சன் வரைந்தவை. உள்ளே பாதை வளைந்து மேலேறுகிறது. வீடு நேராக எதிரே நிற்காமல் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

முதலில் சொல்ல வேண்டியது, வீடு பெரிதில்லை. படங்களைப் பார்த்து அரண்மனை அளவுக்கு எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். ஒரு பக்கம் இரண்டு தளம், மறுபக்கம் சாப்பாட்டு அறைக்கு ஒரே தளம், நடுவில் வாசல், பின்னால் படிக்கட்டின் மேல் ஒரு கண்ணாடி மாடம். அவ்வளவுதான். ஆனால் தாம்சன் வீட்டோடு நிறுத்தவில்லை. வீட்டிலிருந்து ஒரு நீளமான கல் மதில் புறப்பட்டுப் போய் குதிரைவண்டிக் கொட்டகையில் முடிகிறது. வீட்டில் ஓடும் கிடைக்கோடுகள் மதிலிலும் தொடர்கின்றன. பார்க்கிறவன் கண் வீட்டில் நிற்காமல் மதில் முழுக்க ஓடிப் போய்க் கொட்டகையில்தான் ஓய்கிறது. "இதுல வீடு எது, காம்பவுண்ட் எது?" என்று பையன் கேட்டான். அதைக் கேட்க வைப்பதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்.

கூரைச் சரிவு மிகத் தாழ்வு. இறவாரம் அகலமாக வெளியே நீட்டியிருக்கிறது. கூரைக்கு மேல் புகைபோக்கிக் குழாய்கள் தாமரை மொட்டு வடிவில் இருக்கின்றன. எகிப்தைப் புகைபோக்கியில் ஏற்றிவிட்டார் மனிதர். கிளாஸ்கோவில் வேறு எங்காவது கூரையில் இந்த மொட்டுகளைப் பார்த்தால், கீழே தாம்சன் வீடு இருக்கும், அல்லது அவரைப் பார்த்து வேறு யாரோ கட்டியது இருக்கும்.

இப்போது வட்ட ஜன்னல். இதற்காகத்தான் வந்தேன். அதனால் அவசரப்படாமல் சொல்கிறேன்.

கீழ்த்தளத்தில் வரவேற்பறை முன்பக்கமாக அரைவட்டமாகப் புடைத்து வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தூண்கள் சுற்றி நிற்கும் ஒரு சிறு வட்டக் கோயில் வீட்டுக்குள் பாதி நுழைந்து பாதி வெளியே நிற்கிற மாதிரி. அந்தக் காலத்து வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்தது என்னவென்றால், சுவரில் துளை விட்டு, துளைக்குள் மரச் சட்டம் பொருத்தி, சட்டத்தில் கண்ணாடி. தூண் வைத்தாலும் தூணுக்கும் தூணுக்கும் நடுவே சட்டத்தைச் சொருகுவார்கள். தாம்சன் தூண்களைத் தனியாக நிற்க விட்டார். கண்ணாடிச் சட்டங்கள் அவற்றுக்குப் பின்னால், விலகி, தங்கள் பாட்டுக்கு வளைந்து ஓடுகின்றன. கல் தாங்குகிற வேலையைப் பார்க்கிறது, கண்ணாடி காற்றையும் மழையையும் தடுக்கிற வேலையைப் பார்க்கிறது. ஒன்றின் வேலையில் இன்னொன்று தலையிடவில்லை. எஃகுச் சட்டத்தில் கட்டடம் நிறுத்தி, கண்ணாடியைத் திரை போலத் தொங்கவிடும் வேலை ஊர் ஊராகப் பரவ இன்னும் எத்தனையோ வருஷம் இருந்த காலம். இவர் அந்த யோசனையைக் கல்லில், ஒரு காகித முதலாளியின் வரவேற்பறையில் செய்து பார்த்திருக்கிறார். யூனியன் தெருவில் சாரத்துக்குப் பின்னால் இருக்கும் உச்சித் தளத்திலும் இதே வேலைதான். நேற்று முன்தினம் பார்க்க முடியாமல் போனதை இங்கே பார்த்துக்கொண்டேன்.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தூணின் மேல் உத்தரக் கல்லில் மெல்லிய கோடுகளாக அலங்காரம் வெட்டியிருக்கிறது. ஆழமாகக் குடையவில்லை, நிழல் விழும் அளவுக்கு மட்டும். மேகம் கலைந்து சாய்வாக வெயில் அடித்த சில நிமிஷம் எல்லாக் கோடும் எழுந்து வந்தது. மறுபடி மேகம் மூடியதும் வெறும் கல். இந்த ஊர் வெளிச்சத்துக்கு இவ்வளவு மெல்லிய வேலை வீண் என்று ஒரு பக்கம் தோன்றியது. வெயில் காத்திருந்து வாங்கும்போது கிடைக்கிற சந்தோஷத்தைப் பார்த்தால் வீண் இல்லை என்றும் தோன்றியது.

உள்ளே வேறு கதை. வெளியே ஒரே நிறக் கல். உள்ளே நிறம் நிறமாக. தாம்சன் சுவர், கூரை, கதவு, மேசை விளிம்பு வரைக்கும் தானே வரைந்து கொடுப்பாராம். அச்சுத்தகடு வைத்துத் தேய்த்த கிரேக்கக் கோலங்கள் அறை அறையாக ஓடுகின்றன. சாப்பாட்டு அறையில் சுவரின் மேல்விளிம்பு முழுக்க இலியட் காவியக் காட்சிகள். ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பி பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கோட்டோவியமாக வரைந்ததைப் பெரிதாக்கிச் சுவரில் ஏற்றியிருக்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்த கூப்பர் குடும்பத்தார் தலைக்கு மேல் தினமும் டிராய் போர் நடந்திருக்கிறது.

படிக்கட்டு இருக்கும் கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் கண்ணாடி மாடம். அதைச் சுற்றி இறக்கை வைத்த யாளி மாதிரியான உருவங்கள், சுதையில். வீட்டின் நடுவில் ஜன்னலே இல்லாத இடத்துக்கு மேலிருந்து வெளிச்சம் இறக்கும் வழி அது. விருந்தினர் வரவேற்பறை படியேறி மேலே, வட்ட ஜன்னல் அறைக்கு நேர் மேல்தளத்தில். ஆற்றுப் பள்ளத்தாக்கு அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். நல்ல அறையை மேலே வைத்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அறைகளில் மரச்சாமான் அதிகம் இல்லை. அது எனக்கு நல்லதாகவே பட்டது. நாற்காலியும் பீங்கான் கோப்பையும் அடுக்கி வைத்துக் கயிறு கட்டிய பங்களாக்களில் சுவரை யாரும் பார்ப்பதில்லை.

இங்கேதான் இந்த வீட்டின் உண்மையான கதை வருகிறது. 1958ல் ஹோம்வுட் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையின் கைக்குப் போனது. மடமும் ஆரம்பப் பள்ளியுமாக ஆனது. பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் டிராய் போர் எதற்கு? தாம்சன் வண்ணங்களின் மேல் பெயின்ட் அடித்தார்கள், காகிதம் ஒட்டினார்கள். அதற்கு முன்னால் குடியிருந்தவர்களும் தங்கள் பங்குக்கு அடித்து ஒட்டித்தான் வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சபை இடத்தை விற்க முடிவு செய்ததும், சுற்றியுள்ள நிலத்தில் வீடு கட்டி விற்கும் யோசனையோடு ஆட்கள் வந்தார்கள். 1994ல் பழைய இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து, தேசிய மரபு நினைவு நிதியின் உதவியோடு வாங்கியது. பேஜ் பார்க் என்ற கிளாஸ்கோ கட்டடக் கலைஞர்கள் சீரமைத்தார்கள்.

சீரமைப்பு என்றால் புதிதாக வண்ணம் பூசுவது என்று நாம் நினைப்போம். இங்கே முதலில் சுரண்டினார்கள். அடுக்கடுக்காக, அங்குலம் அங்குலமாக. பல இடத்தில் மேலே இருந்த பெயின்ட்டுக்குக் கீழே தாம்சனின் பூச்சு அப்படியே இருந்தது. சில சுவர்களில் சுரண்டிய கட்டத்தை மூடாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செவ்வகம்: ஓரத்தில் பள்ளிக்கூட வெளிர்நிறம், அதற்குள் மங்கின இன்னொரு நிறம், அதற்கும் உள்ளே ஒரு இலைக்கொத்தின் பாதி. கொத்தின் மீதிப் பாதி இன்னும் பெயின்ட்டுக்கு அடியில் இருக்கிறது. எடுக்க அவசரம் இல்லை என்று விட்டிருக்கிறார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்தது.

அறையில் இருந்த தன்னார்வ வழிகாட்டி அம்மாவிடம், கன்னியர்கள் மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா என்று கேட்டேன். அவர் சிரித்தார். இங்கே படித்தவர்கள் இப்போதும் பேரப்பிள்ளைகளோடு வருகிறார்களாம். சுவரைப் பார்ப்பதை விட, தன் மேசை எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது என்று காட்டுவதற்குத்தான் அவர்களுக்கு ஆசையாம். "கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டார்கள். அது போதும்" என்றார்.

ரயிலில் திரும்பும்போது பையனிடம் இதையேதான் பேசிக்கொண்டு வந்தேன். கேலடோனியா ரோடும் ஏ வகை, எகிப்தியன் ஹால்ஸும் ஏ வகை, ஹோம்வுட்டும் ஏ வகை. ஏ என்ற எழுத்து இடிக்கிறவன் கையைப் பிடிக்கும். அனுமதி இல்லாமல் ஜன்னலை மாற்ற விடாது. உள்ளே இருக்கும் அலங்காரமும் அதில் அடக்கம், தோட்டச் சுவரும்கூட. ஆனால் கூரையில் ஓடு மாற்றாது, கூரையோர மழைநீர்க் குழாயில் இலை அள்ளாது. அதற்கு உள்ளே யாராவது குடியிருக்க வேண்டும், அவர்களுக்குத் தாம்சன் யாரென்றே தெரியாவிட்டாலும். ஹோம்வுட்டின் கிரேக்கத்தைக் காப்பாற்றியதில் அதை மூடி மறைத்த பெயின்ட்டுக்கும் பங்கு உண்டு. "அப்ப மடத்துக்குத்தான் நன்றி சொல்லணுமா?" என்றான். பாதி நன்றி சொல்லலாம் மாப்ள, மீதியை 1994ல் பணம் கொடுத்தவர்களுக்கு வைத்துக்கொள் என்றேன்.

ஞாயிறு, மறுபடி கேத்கார்ட்

பையன் தூங்கிக்கொண்டிருந்தான். தனியாக வந்தேன்.

ஹோம்வுட்டுக்குக் கீழே பள்ளத்தில் வொயிட் கார்ட் ஆறு ஓடுகிறது. கூப்பர் சகோதரர்களின் மில்ஹோம் காகித ஆலை அந்த ஆற்றங்கரையில்தான் இருந்தது. ஆலையை மேலிருந்து பார்த்தபடி முதலாளி வீடு. ஆலை இப்போது இல்லை, மரங்களும் நடைபாதையும்தான். கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய கல் பாலம், பெயர் ஸ்னஃப் மில் பாலம். பக்கத்தில் இருந்த ஆலையில் ஒரு காலத்தில் மூக்குப்பொடி அரைத்திருக்கிறார்கள். ஜேம்ஸின் சகோதரர் ராபர்ட் கூப்பர் விட்டுப்போன பணத்தில் எழுந்தது ஊர் நடுவில் இருக்கும் கூப்பர் இன்ஸ்டிடியூட், ஜேம்ஸ் செல்லர்ஸ் வடிவமைத்த மண்டபம், 1888. காகிதத்தில் சம்பாதித்த காசில் ஒருவர் தனக்கு வீடு கட்டினார், ஒருவர் ஊருக்கு மண்டபம் கொடுத்தார். மண்டபம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரும் அதைப் பார்க்கக் கடல் கடந்து வரப்போவதில்லை.

இன்று என் வேலை கல். கேத்கார்ட் தெருக்களில் பழைய அடுக்குக் குடியிருப்புகளின் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கிளாஸ்கோவில் கல்லின் நிறத்தை வைத்தே கட்டடத்தின் வயதை உத்தேசமாகச் சொல்லிவிடலாம். வெளிர் மஞ்சள் மணற்கல் என்றால் பழசு. கிஃப்னாக் மாதிரி பக்கத்து ஊர்க் குவாரிகளில் எடுத்தது. உள்ளூர்க் கல் தீர்ந்துவர, 1890களிலிருந்து ரயிலேறி டம்ஃப்ரீஸ், அயர்ஷயர் பக்கமிருந்து சிவப்பு மணற்கல் வந்தது. ஒரே தெருவில் இந்த முனை மஞ்சள், அந்த முனை சிவப்பு என்றால் நடுவில் எங்கேயோ குவாரி மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

மணற்கல் இளகிய கல். நம் கருங்கல் மாதிரி எதற்கும் அசையாமல் நிற்காது. தண்ணீரைக் குடிக்கும், காய்ந்தால் வெளியே விடும். மூச்சு விடுகிற அந்த வழி கல்லுக்கு இடையில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்து. கல்லை விட மென்மையானது, அதனால் ஈரமும் உப்பும் சாந்து வழியாகவே வெளியேறும், தேய்வதும் சாந்துதான். தேய்ந்ததைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைத்தால் போதும். இருபதாம் நூற்றாண்டில் எல்லோருக்கும் சிமென்ட் மேல் மோகம் வந்தது. இணைப்புகளில் சிமென்ட் அடைத்தார்கள். சிமென்ட் கல்லை விடக் கெட்டி, ஈரத்தை விடாது. வழி அடைபட்ட தண்ணீர் கல்லின் முகம் வழியாக வெளியே வரப் பார்க்கும், குளிரில் உறையும், கல்லின் முகம் ஏடு ஏடாக உரியும்.

ஒரு வாசல் பக்கத்தில் இது பாடப்புத்தகப் படம் போல இருந்தது. சிமென்ட் கோடுகள் மட்டும் அடித்த அன்று இருந்த மாதிரியே நேராக, கூர்மையாக நிற்கின்றன. நடுவில் இருந்த கல் விரலின் ஒரு கணு அளவுக்கு உள்ளே போய்விட்டது. விரலை வைத்துத் தேய்த்தேன்; மணல் கையில் வந்தது. அதே சுவரில் இரண்டு வரி மேலே, சிமென்ட் எட்டாத இடத்தில், உளி போட்ட தடம் இன்னும் தெரிகிறது.

இன்னொரு கொடுமையும் நடந்திருக்கிறது. நூறு வருஷ நிலக்கரிப் புகையில் ஊரே கருத்துப் போயிருந்தது. எழுபது, எண்பதுகளில் ஊரை வெளுக்க வேண்டும் என்று மணலைப் பீய்ச்சியும் அமிலம் ஊற்றியும் கழுவினார்கள். கருப்போடு கல்லின் கெட்டியான மேல்தோலும் போனது. வெளுத்த கட்டடத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள், பத்து இருபது வருஷத்தில் அலங்கார வேலைப்பாடு உதிர ஆரம்பித்தது. வீட்டை அழகுபடுத்துகிறேன் என்று கிளம்புகிறவனிடம் எப்போதும் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. ஒன்றும் செய்யாமல் வெள்ளையடித்துவிட்டுப் போகிறவன் பரவாயில்லை.

பழைய கல்லை மாற்ற வேண்டி வந்தால் இன்னொரு சிக்கல்: உள்ளூர் மஞ்சள் கல் குவாரிகள் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. இப்போது பெரும்பாலும் வட இங்கிலாந்துக் கல்தான் வருகிறது. நிறம் கிட்டத்தட்டப் பொருந்தினால் மட்டும் போதாது. தண்ணீர் குடிக்கும் வேகமும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் புதுக்கல் நன்றாக இருக்கும், அதை ஒட்டிய பழையது உதிரும். கல்லை வைக்கும் விதமும் முக்கியம். மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. குவாரியில் எந்தக் கிடையில் படுத்திருந்ததோ அதே கிடையில் சுவரிலும் படுக்க வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் தோல் உரியும். ஊரில் எங்கள் கொத்தனார் ஒருவர் கல்லை முகர்ந்தே கிடையைச் சொல்வேன் என்பார். முகர்வதை நான் நம்பியதில்லை, ஆனால் அவர் சொன்ன கிடை தப்பியதும் இல்லை.

மதியம் ஹோம்வுட் பக்கம் மறுபடி ஏறினேன், தோட்டம் மட்டும் பார்க்க. விக்டோரியா காலத்துச் சமையல் தோட்டத்தைத் திரும்ப உண்டாக்கியிருக்கிறார்கள். வட்ட ஜன்னலைத் தூரத்திலிருந்து இன்னொரு தரம் பார்த்தேன். நேற்று கவனிக்காத ஒன்று: வீட்டில் எந்தப் பக்கமும் இன்னொரு பக்கம் மாதிரி இல்லை, ஆனாலும் எங்கேயும் சாய்ந்து நிற்பதாகத் தோன்றவில்லை. வட்ட ஜன்னல், இரண்டு தளம் இந்தப் பக்கம் கனமாக இழுக்கிறது என்றால், மதில் தன் நீளத்தால் அந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. சமச்சீரை விட்டுவிட்டுச் சமநிலையை வைத்துக்கொண்டார். இது வரைபடத்தில் தெரியாது, நடந்துதான் பார்க்க வேண்டும்.

திங்கள், புறப்படும் முன்

தாம்சன் புதைக்கப்பட்ட இடம் கார்பல்ஸ் பக்கம் இருக்கும் சதர்ன் நெக்ரோபொலிஸ். ஊருக்கே வீடு கட்டியவருக்கு வெகுகாலம் கல்லறையில் அடையாளம் இல்லாமல் இருந்தது. 2006ல்தான் நினைவுக்கல் வைத்தார்கள். காலையில் போய்ப் பார்த்தோம். பையன் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினான். "ஏரி பாத்தீங்களா?" என்று பதில் வந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு: ஹோம்வுட் வருஷம் முழுக்க, வாரம் முழுக்கத் திறந்திருக்காது. நாளும் நேரமும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கேத்கார்ட் ரயில்கள் சென்ட்ரலிலிருந்து அடிக்கடி இருக்கின்றன. மொரே பிளேஸும் லாங்சைட் இரட்டை வீடும் மக்கள் குடியிருக்கும் வீடுகள், தெருவில் நின்று பார்ப்பதோடு சரி. கேலடோனியா ரோடு தேவாலயத்துக்கு டிக்கெட்டும் இல்லை, நேரமும் இல்லை, கூரையும் இல்லை. வெயில் வந்தால் ஹோம்வுட் வட்ட ஜன்னல் பக்கம் போய்விடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.